புறக்கணிப்பும் ஊர்விலக்கும்: சமூக ஊடகச் சந்தையில் நுகர்வோர் யார்?

(தில்லியில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சமூக ஊடகங்கள் வணிகத்தின் மீதும் நுகர்வோர் மீதும் எத்தகைய தாக்கத்தை ஏற்படுத்துகின்றன என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. வணிக மேலாண்மைக் கல்லூரிகளில் இதே தலைப்பில் வகுப்புகள் நடக்கின்றன. அங்கே சொல்லப்படுவது சுருக்கமாக இதுதான்: முன்பு முதலாளி பேசினார், வாங்குபவர் கேட்டுக்கொண்டார், இன்று வாங்குபவர் பேசுகிறார், முதலாளி பணிகிறார், கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் சந்தையில் ஒரு வாக்காளர், ஆகவே சந்தை ஜனநாயகமாகிவிட்டது.

இந்தக் கூற்றை நம் நாட்டின் கடந்த பத்தாண்டு அனுபவத்தில் வைத்துச் சோதித்துப் பார்ப்போம். விளம்பரம், தள்ளுபடி, பரிந்துரை எனப் பல வழிகளில் இத்தலைப்பை அணுகலாம். நான் ஒரே ஒரு நிகழ்வை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நுகர்வோரின் அதிகாரம் மிகக் கூர்மையாக வெளிப்படுவதாகச் சொல்லப்படும் நிகழ்வு அது. 'பாய்காட்' என்று தொடங்கி, ஏதேனும் ஒரு நிறுவனத்தின் பெயரில் முடியும் முழக்கம்.

மொழிபெயர்ப்புப் பணியில் இருப்போருக்கு ஒரு சொல்லை அதன் பிறந்த ஊர்வரை தேடிச் செல்லும் வழக்கம் உண்டு. 'பாய்காட்' என்பது ஒரு மனிதரின் பெயர். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் எர்ன் பிரபு என்னும் நிலவுடைமையாளரின் முகவராக இருந்தவர் கேப்டன் சார்லஸ் பாய்காட். 1880ஆம் ஆண்டு, விளைச்சல் பொய்த்த காலத்தில், குத்தகையைக் குறைக்கும்படி விவசாயிகள் கேட்டனர். அவர் மறுத்தார், விவசாயிகளை நிலத்திலிருந்து வெளியேற்ற முற்பட்டார். நிலச் சங்கத்தின் அறைகூவலை ஏற்று ஊரே அவரோடு உறவை அறுத்துக்கொண்டது. கூலியாட்கள் அறுவடைக்கு வரவில்லை. கடைக்காரர்கள் பொருள் விற்கவில்லை. வெளியூரிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து, ஆயுதப் படையின் காவலோடு அறுவடை செய்ய வேண்டியதாயிற்று. அறுவடையான பயிரின் மதிப்பைக் காட்டிலும் காவலுக்கு ஆன செலவு பன்மடங்கு. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் அயர்லாந்தை விட்டே போய்விட்டார். அவருடைய பெயர் உலக மொழிகளில் ஒரு வினைச்சொல்லாக நிலைத்துவிட்டது.

இந்தச் சொல் இந்தியாவுக்குள் வந்த வழியும் பெருமைக்குரியது. 1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா நகர மண்டபத்தில் கூடிய கூட்டம், வங்கப் பிரிவினையை எதிர்த்து அந்நியப் பொருள்களைப் புறக்கணிக்கத் தீர்மானித்தது. அடுத்த ஆண்டே தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். வாங்க மறுப்பதும், மாற்றை உருவாக்குவதும் ஒரே போராட்டத்தின் இரு கைகளாக இருந்தன. தமிழில் நாம் 'புறக்கணிப்பு' என்று எழுதும்போது நம் நினைவில் எழுவது இந்த மரபுதான்.

ஆனால் தமிழில் இன்னொரு சொல்லும் இருக்கிறது. அது மொழிபெயர்ப்பால் வந்ததன்று. நம் கிராமங்களிலேயே விளைந்தது. ஊர்விலக்கு. தேநீர்க் கடையில் சமமாக அமர்ந்ததற்காக, கோயில் தேரின் வடம் பிடித்ததற்காக, கூலி உயர்வு கேட்டதற்காக, சாதி கடந்து மணம் செய்ததற்காக ஒரு குடும்பத்தையோ ஒரு சேரியையோ ஊர் விலக்கி வைக்கும். கடையில் உப்பும் புளியும் கிடைக்காது. வயலில் வேலை கிடைக்காது. கிணற்றில் நீர் எடுக்க முடியாது.

மேலோட்டமாகப் பார்த்தால் மேயோ மாவட்டத்தில் நடந்ததும் இதுவும் ஒன்றுபோலத் தோன்றும். இரண்டிலும் கடைக்காரர் பொருள் தர மறுக்கிறார். இரண்டிலும் ஊர் கூடி ஒருவரைத் தனிமைப்படுத்துகிறது. வேறுபாடு திசையில் இருக்கிறது. ஒன்று, கீழிருந்து மேல் நோக்கிச் செல்வது. மற்றொன்று, மேலிருந்து கீழ் நோக்கி இறங்குவது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அண்ணல் அம்பேத்கர் இந்தத் திசை வேறுபாட்டை மிகத் தெளிவாக உணர்ந்திருந்தார். வட்டமேசை மாநாட்டில் அவரும் இரட்டைமலை சீனிவாசனும் ஒடுக்கப்பட்டோர் சார்பில் அளித்த திட்டத்தில், சமூகப் புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்ற கோரிக்கை இடம்பெற்றிருந்தது. எண்பது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்து, 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம், பட்டியல் சாதியினர் - பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு ஒரு வன்கொடுமையாகச் சேர்க்கப்பட்டது.

இந்த இரண்டு சொற்களையும் கையில் வைத்துக்கொண்டு, இனிச் சமூக ஊடகத்துக்குள் செல்வோம்.

2015 நவம்பரில் நடிகர் அமீர் கான், நாட்டில் சகிப்பின்மை வளர்வது குறித்துத் தன் வீட்டில் எழுந்த கவலையை ஒரு பொது மேடையில் பகிர்ந்துகொண்டார். அப்போது அவர் ஸ்னாப்டீல் என்னும் இணைய வணிக நிறுவனத்தின் விளம்பரத் தூதராக இருந்தார். அடுத்த சில நாள்களில் அந்நிறுவனத்தின் செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கும் இயக்கமும், அதற்கு ஒற்றை நட்சத்திர மதிப்பெண் இடும் இயக்கமும் பெருகின. நிறுவனம் அவருடைய கருத்துக்கும் தனக்கும் தொடர்பில்லை என்று அறிவித்தது. பின்னர் அவருடனான ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இது சினமுற்ற வாடிக்கையாளர்களின் தன்னெழுச்சியா? 2016 ஜூலையில் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பரிக்கர் புனேயில் பேசும்போது, பெயர் எதையும் சொல்லாமல், ஒரு நடிகரையும் ஓர் இணைய வணிக நிறுவனத்தையும் குறிப்பிட்டார். இதற்காக ஒரு குழு வேலை செய்தது என்றும், நிறுவனம் விளம்பரத்தை விலக்கிக்கொள்ள நேர்ந்தது என்றும் கூறினார். பாரதிய ஜனதாவின் சமூக ஊடகப் பணியில் தன்னார்வலராக இருந்து வெளியேறிய ஒருவரும், இவ்வாறு செய்யும்படி தங்களுக்கு அறிவுறுத்தல் வந்ததாக ஒரு நூலில் சாட்சியம் அளித்தார். அக்கட்சி அதை மறுத்தது.

2019இல் சர்ஃப் எக்செல் சலவைத்தூள் விளம்பரம் ஒன்று வந்தது. ஹோலிப் பண்டிகையன்று ஓர் இந்துச் சிறுமி வண்ணப் பொடிகளையெல்லாம் தன் மீது ஏற்றுக்கொண்டு, வெள்ளுடை அணிந்த தன் முஸ்லிம் நண்பனைக் கறைபடாமல் பள்ளிவாசலுக்குக் கொண்டு சேர்க்கிறாள். புறக்கணிப்பு முழக்கம் உடனே எழுந்தது. அதில் கலந்துகொண்ட பலர் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எக்செல் செயலிக்கு ஒற்றை நட்சத்திரம் இட்டுத் தங்கள் சினத்தைத் தீர்த்துக்கொண்டனர். சலவைத்தூளுக்கும் அலுவலகக் கணக்குப் பட்டியலுக்கும் வேறுபாடு தெரியவில்லை. இதற்கு முன்பே, 2017இல், ஸ்னாப்சாட் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் மீது எழுந்த கோபத்தில், பெயர் ஒற்றுமையால் ஸ்னாப்டீல் செயலியை நீக்கியவர்களும் உண்டு.

இவற்றைக் கேட்டு நாம் சிரிக்கலாம். ஆனால் இதில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்தி, அதன் தரத்தில் ஏமாற்றம் அடைந்தவர்கள் இந்தத் தவற்றைச் செய்ய முடியாது. இவர்கள் அப்பொருளின் நுகர்வோரே அல்லர். நுகர்வோர் என்னும் வேடத்தில் களமிறக்கப்பட்ட அணிவகுப்பு இது.

2020 அக்டோபரில் தனிஷ்க் நகை நிறுவனத்தின் விளம்பரம் தாக்குதலுக்கு உள்ளானது. முஸ்லிம் குடும்பம் ஒன்று தன் இந்து மருமகளுக்கு வளைகாப்பு நடத்துவதே அதன் காட்சி. நிறுவனம் ஓரிரு நாள்களில் விளம்பரத்தை விலக்கிக்கொண்டது. தன் ஊழியர்கள், கடைப் பணியாளர்கள் ஆகியோரின் நலனைக் கருதியே அவ்வாறு செய்ததாகவும் அறிவித்தது. குஜராத்தின் காந்திதாமில் ஒரு கடையின் வாசலில் மன்னிப்புக் கடிதம் ஒட்டப்பட்டது. நிறுவனத்தின் தலைமையகம் எங்கோ இருக்கிறது. விளம்பரத்தை எடுத்தவர்கள் எங்கோ இருக்கிறார்கள். கும்பலை எதிர்கொள்ள நேர்ந்தவர்கள் கடையில் மாதச் சம்பளத்துக்கு நின்றவர்கள். 2021 அக்டோபரில், தீபாவளியை ஒட்டி வந்த தன் ஆடைத் தொகுப்புக்கு 'ஜஷ்ன்-ஏ-ரிவாஸ்' என்று உருதுவில் பெயரிட்டதற்காக ஃபேப்இந்தியா தாக்கப்பட்டது, விளம்பரம் விலக்கப்பட்டது. அந்தப் பெயருக்கு 'மரபின் கொண்டாட்டம்' என்று பொருள். இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த ஒரு மொழியே ஊர்விலக்குக்கு ஆளானது. அதே மாதத்தில், இரு பெண்கள் இணையராகக் கர்வா சௌத் நோன்பைக் கொண்டாடும் டாபர் விளம்பரமும் மத்தியப் பிரதேச உள்துறை அமைச்சரின் எச்சரிக்கையை அடுத்து விலக்கப்பட்டது.

இங்கே நம் தோழர்கள் சிலர் கேட்கக்கூடும்: பெருமுதலாளிகளுக்கும் மதவெறியர்களுக்கும் இடையே நடக்கும் பூசலில் நாம் ஏன் கவலைப்பட வேண்டும்? கேள்வி நியாயமானது. தனிஷ்க், டாடா குழுமத்தைச் சேர்ந்தது. ஒரு விளம்பரம் போனால் வேறொன்று எடுப்பார்கள். அவர்களிடம் வழக்கறிஞர்கள் உண்டு, மக்கள் தொடர்புத் துறை உண்டு, பல மாநிலங்களில் பரந்த சந்தை உண்டு. லாபக் கணக்கில் எந்தப் பக்கம் சாய்வது இலாபமோ அந்தப் பக்கம் மூலதனம் சாயும். மதச்சார்பின்மையின் காவலனாக அது இருக்கும் என்று நாம் ஒருபோதும் எதிர்பார்த்ததில்லை. ஆனால் பெரிய கடைகளில் ஒத்திகை பார்க்கப்பட்ட இந்த ஆயுதம், தள்ளுவண்டியின் மீது திருப்பப்பட்டபோது என்ன ஆனது என்பதே நமது கவலை.

2020 மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும், பெருந்தொற்றின் தொடக்க நாள்களில், தப்லீக் ஜமாஅத் கூட்டத்தைக் காரணம் காட்டி 'கொரோனா ஜிகாத்' என்னும் முழக்கம் பரப்பப்பட்டது. முஸ்லிம் வியாபாரிகள் பழங்களில் எச்சில் தடவுகிறார்கள் என்னும் ஒளிப்பதிவுகள் வாட்ஸ்அப் வழியாக வீடு வீடாகச் சென்றன. அவற்றுள் பரவலாகப் பகிரப்பட்ட ஒன்று மத்தியப் பிரதேசத்தில் எடுக்கப்பட்டது. முதியவர் ஒருவர் பழங்களை அடுக்கும்போது விரலை நாவில் தொட்டுக்கொள்வதை அது காட்டியது. அது ஊரடங்குக்கு முன்பே, பிப்ரவரியில் எடுக்கப்பட்டது என்று உண்மை கண்டறியும் இதழாளர்கள் பின்னர் நிறுவினர். ஆனால் அதற்குள் பல நகரங்களில், பெயர் கேட்டும் அடையாள அட்டை கேட்டும், காய்கறி வண்டிகள் தெருக்களிலிருந்து விரட்டப்பட்டன. ஊரடங்கில் வேறு எந்த வருமானமும் இல்லாத நாள்கள் அவை.

2022 மார்ச்சில் கர்நாடகத்தின் உடுப்பி, தென் கன்னட மாவட்டங்களில் கோயில் திருவிழாக்களில் முஸ்லிம்கள் கடை போடக்கூடாது என்னும் பதாகைகள் எழுந்தன. அவற்றின் படங்கள் சமூக ஊடகங்களில் பரவின. ஓர் ஊரின் பதாகை மறு ஊருக்கு முன்மாதிரியானது. அடுத்து ஹலால் இறைச்சியைப் புறக்கணிக்கும் முழக்கம் வந்தது. ஏப்ரலில் தார்வாட் அருகே நுக்கிகேரி அனுமன் கோயில் வளாகத்தில் ஒரு முஸ்லிம் வியாபாரியின் தர்ப்பூசணிகள் தரையில் போட்டு உடைக்கப்பட்டன. 2023 ஆகஸ்டில், நூஹ் வன்முறையைத் தொடர்ந்து, ஹரியானாவின் சில மாவட்டங்களில் பல ஊராட்சிகளின் பெயரால், முஸ்லிம் வியாபாரிகளை ஊருக்குள் விடமாட்டோம் என்னும் கடிதங்கள் கைபேசிகளில் சுற்றின. 2024 ஜூலையில், காவடி யாத்திரை செல்லும் வழியிலுள்ள உணவகங்கள் உரிமையாளரின் பெயரை எழுதி வைக்க வேண்டும் என்று உத்தரப் பிரதேசக் காவல்துறையே ஆணையிட்டது. ஜூலை 22 அன்று உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. கைபேசியில் தொடங்கிய முழக்கம் நான்கே ஆண்டுகளில் அரசாணையாக உருவெடுத்ததை இந்த வரிசை நமக்குக் காட்டுகிறது.

தோழர்களே, இதற்குச் 'சந்தை ஜனநாயகம்' என்று பெயர் சொல்ல முடியுமா? தள்ளுவண்டிக்காரருக்கு மக்கள் தொடர்புத் துறை இல்லை. மறுப்பு அறிக்கை வெளியிட அவருக்குக் கணக்கும் இல்லை. கெட்டுப்போகும் சரக்கு, அன்றாட வட்டிக்கு வாங்கிய முதல், மாலைக்குள் விற்றாக வேண்டிய கட்டாயம் ஆகியவையே அவருடைய உடைமைகள். அவரைப் பற்றிய பொய் நாடு முழுவதும் போய்ச் சேர்ந்த பின்னரும், தன் மீது என்ன குற்றச்சாட்டு என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

இந்தப் பொய் ஏன் இத்தனை விரைவாகப் பயணிக்கிறது? மனிதர்களின் கெட்ட குணம் என்று மட்டும் சொல்லிவிட்டால் அது ஒழுக்கப் போதனையாகிவிடும். நாம் உற்பத்தி முறையைப் பார்க்க வேண்டும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றுக்கும் உரிமையாளரான மெட்டா நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வருவாய் ஏறத்தாழ 16,450 கோடி டாலர். அதில் சுமார் 98 விழுக்காடு விளம்பரத்திலிருந்து வந்தது. நாம் அதற்குக் காசு கொடுப்பதில்லை. ஆகவே நாம் அதன் வாடிக்கையாளர் அல்லர். அதன் வாடிக்கையாளர் விளம்பரதாரர். அவருக்கு விற்கப்படும் சரக்கு நமது கவனம். நாம் எவ்வளவு நேரம் திரையில் தங்குகிறோமோ அவ்வளவு சரக்கு. நம்மைத் தங்கவைப்பதில் அன்பைவிடச் சினம் வலியது என்பதை அந்நிறுவனம் அறிந்தே இருந்தது. 2017 முதல் சில காலம், ஒரு பதிவுக்கு இடப்படும் சினக்குறியை, விருப்பக்குறியைப்போல் ஐந்து மடங்கு எடையுள்ளதாக அதன் கணிப்பு முறை கருதியது என்பதை 2021இல் வெளியான நிறுவனத்தின் உள் ஆவணங்கள் காட்டின.

இந்தியாவில் இதற்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. ஒன்றிய அரசு 2021 பிப்ரவரியில் தந்த கணக்கின்படியே, நம் நாட்டில் வாட்ஸ்அப் பயனர்கள் 53 கோடி, ஃபேஸ்புக் பயனர்கள் 41 கோடி. இத்தகைய சந்தையில் ஆளும் கட்சியைப் பகைத்துக்கொள்ள எந்த ஏகபோக நிறுவனமும் விரும்பாது. 2020 ஆகஸ்டில் அமெரிக்க நாளேடான வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஒரு செய்தி வெளியிட்டது. பாரதிய ஜனதா சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் மீது வெறுப்புப் பேச்சு விதிகளைப் பயன்படுத்துவது நாட்டில் நிறுவனத்தின் வணிக வாய்ப்பைப் பாதிக்கும் என்று கூறி, ஃபேஸ்புக்கின் இந்தியக் கொள்கைப் பிரிவுத் தலைவர் அதை எதிர்த்தார் என்பதே அச்செய்தி. அந்த உறுப்பினரின் கணக்கு அதன் பிறகே நீக்கப்பட்டது. 'சமூக ஊடகம்' என்று நாம் மொழிபெயர்க்கிறோம். அதில் கூடுவது சமூகம்தான். ஆனால் கூடும் இடம் தனியுடைமை.

இதனால் சமூக ஊடகத்தில் எழும் மக்கள் குரல் அனைத்தும் பொய் என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. அது இயங்கியலுக்கு முரணானது, உண்மைக்கும் முரணானது. இரண்டு எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன்.

2023 ஏப்ரலில் ஒருவர் போர்ன்விட்டாவில் உள்ள சர்க்கரையின் அளவு குறித்து ஓர் ஒளிப்பதிவு வெளியிட்டார். பன்னாட்டு நிறுவனம் அவருக்கு வழக்கறிஞர் அறிவிக்கை அனுப்பியது. அவர் மன்னிப்புக் கேட்டு ஒளிப்பதிவை நீக்கினார். ஆனால் கேள்வி அடங்கவில்லை. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் நிறுவனத்திடம் விளக்கம் கேட்டது. சேர்க்கப்படும் சர்க்கரையின் அளவை நிறுவனம் பின்னர் குறைத்தது. 2024 ஏப்ரலில், இத்தகைய பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற வகையிலிருந்து நீக்கும்படி இணைய வணிகத் தளங்களுக்கு ஒன்றிய வர்த்தக அமைச்சகம் அறிவுறுத்தியது. தனி மனிதரின் குரலை நிறுவனம் ஓர் அறிவிக்கையால் அடக்க முடிந்தது என்பதையும், பொது நிறுவனம் தலையிட்ட பிறகே மாற்றம் நிலைபெற்றது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இரண்டாவது எடுத்துக்காட்டு, இந்தத் தில்லியின் எல்லைகளில் நம் கண்முன் நிகழ்ந்தது. 2020 டிசம்பரில், மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்துப் போராடிய விவசாயச் சங்கங்கள், ரிலையன்ஸ், அதானி குழுமங்களின் பொருள்களையும் சேவைகளையும் புறக்கணிக்க அறைகூவல் விடுத்தன. பஞ்சாபில் மக்கள் ஜியோ எண்களை வேறு நிறுவனங்களுக்கு மாற்றிக்கொண்டனர். 2021 ஜனவரி தொடக்கத்தில் ரிலையன்ஸ் நீதிமன்றத்தை நாடியது. ஒப்பந்த விவசாயத்தில் தாங்கள் ஈடுபட்டதில்லை, ஈடுபடும் திட்டமும் இல்லை என்று அறிக்கை வெளியிட்டது. நாட்டின் மிகப் பெரிய முதலாளித்துவக் குழுமம் ஒன்றைத் தன்னிலை விளக்கம் அளிக்க வைத்தது அந்தப் புறக்கணிப்பு. அதே 2020 டிசம்பரில், போராட்டத்தின் செய்திகளைத் தந்துகொண்டிருந்த 'கிசான் ஏக்தா மோர்ச்சா'வின் ஃபேஸ்புக் பக்கம் சில மணி நேரம் முடக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததும் மீட்கப்பட்டது. தானியங்கி முறையில் நேர்ந்தது என்று நிறுவனம் கூறியது. அதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் ஒன்றை மறக்க இயலாது. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் ஃபேஸ்புக் 43,574 கோடி ரூபாய் முதலிட்டு, ஜியோ பிளாட்ஃபார்ம்ஸ் நிறுவனத்தில் 9.99 விழுக்காடு பங்கை வாங்கியிருந்தது. விவசாயிகள் எந்த நிறுவனத்தைப் புறக்கணித்தார்களோ, அதன் பங்குதாரரின் இடத்தில் நின்றுதான் அவர்கள் பேச வேண்டியிருந்தது. ஆயினும் அவர்கள் வென்றார்கள். ஏனெனில் அவர்களுடைய பலம் அந்தப் பக்கத்தில் இல்லை. சிங்கு, திக்ரி, காஜிப்பூர் எல்லைகளில் ஓராண்டுக்கும் மேல் அமர்ந்திருந்த மக்களிடம் இருந்தது. கைபேசி அந்த அமைப்புக்குக் கருவியாக இருந்தது. அமைப்பின் இடத்தை அது எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது இரண்டையும் பிரித்தறியும் அளவுகோல் நமக்குக் கிடைத்துவிட்டது. ஒரு புறக்கணிப்பு முழக்கம் கைபேசிக்கு வரும்போது நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி: இது யார் மீது இறங்குகிறது? நம்மைவிட வலியவர் மீதா, எளியவர் மீதா? அடுத்த கேள்வி: இதை முடிவுக்குக் கொண்டுவர எதிர்த்தரப்பு என்ன செய்ய வேண்டும்? மேயோவில் குத்தகையைக் குறைத்திருக்கலாம். போர்ன்விட்டாவில் சர்க்கரையைக் குறைக்கலாம். வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறலாம்; பெற்றார்கள். ஆனால் பழ வண்டிக்காரர் என்ன செய்தால் அவர் மீதான புறக்கணிப்பு நீங்கும்? அவர் தன் பிறப்பை மாற்றிக்கொள்ள முடியாது. அவரிடம் வைக்கப்படும் கோரிக்கை எதுவும் இல்லை. 'போய்விடு' என்னும் கட்டளை மட்டுமே இருக்கிறது. நிறைவேற்றத்தக்க கோரிக்கை உள்ளது புறக்கணிப்பு. அது இல்லாமல், பிறப்பைக் காரணமாக்கி விரட்டுவது ஊர்விலக்கு. நம் ஏடுகளும் பேச்சாளர்களும் இனி இவற்றுக்கு வெவ்வேறு சொற்களையே பயன்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 'முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்க அழைப்பு' என்று செய்தி எழுதும்போது, சுதேசி இயக்கத்தின் கண்ணியத்தை நாம் அறியாமலேயே வெறியர்களுக்குக் கடன் கொடுத்துவிடுகிறோம். 'ஊர்விலக்கு' என்று எழுதினால், அது என்னவென்று தமிழ் வாசகருக்கு விளக்கவே வேண்டியதில்லை.

சொல்லைத் திருத்துவதோடு வேலை முடிவதில்லை. சட்டத்தில் நமக்குச் சில பிடிகள் உண்டு. வெறுப்புப் பேச்சு குறித்து எவரும் புகார் தராவிட்டாலும் காவல்துறை தாமாகவே வழக்குப் பதிய வேண்டும் என்று 2022 அக்டோபர் 21 அன்று மூன்று மாநிலங்களுக்குப் பிறப்பித்த ஆணையை, 2023 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் விரிவுபடுத்தியது. ஊர்விலக்குச் செய்தி ஒன்று குழுவில் வந்தால் அதை அழித்துவிட்டு நகர்வது போதாது. நாள், நேரம், அனுப்பிய எண் தெரியும்படி படமெடுத்து, எழுத்துமூலம் புகார் அளித்து, ஒப்புகை பெற வேண்டும். வழக்குப் பதியப்படாவிட்டாலும், அந்த ஒப்புகை நாளை நீதிமன்றத்தில் பேசும்.

2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, நகர வியாபாரக் குழுவில் ஐந்தில் இரு பங்குக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். எத்தனை நகரங்களில் அக்குழு கூடுகிறது, அதில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை நம் தொழிற்சங்கத் தோழர்கள் கணக்கெடுக்க வேண்டும். சான்றிதழும் சங்கமும் உள்ள வியாபாரியை ஒரு கைபேசிச் செய்தியால் விரட்டுவது எளிதன்று.

அரசிடம் கோர வேண்டியதும் உண்டு. காசு வாங்கிக்கொண்டு ஒரு முகப்பூச்சைப் பரிந்துரைப்பவர், அது விளம்பரம் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை நெறிமுறை வகுத்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் தண்டம் விதிக்கலாம். முகப்பூச்சுக்கு இருக்கும் இந்த வெளிப்படைத்தன்மை, ஒரு மனிதரின் பிழைப்பை அழிக்கும் ஒருங்கிணைந்த பரப்புரைக்கு ஏன் இருக்கக் கூடாது? அதற்குக் காசு கொடுத்தவர் யார், எந்தக் கணிப்பு முறை அதைக் கோடிக் கணக்கானோரின் திரைக்குக் கொண்டு சேர்த்தது என்று கேட்கும் உரிமையை நாடாளுமன்றத்திலும் மக்கள் மன்றத்திலும் நாம் எழுப்ப வேண்டும்.

கடைசியாக, மிகக் கடினமான களத்தைப் பற்றி. அது நமது குடும்ப வாட்ஸ்அப் குழு. பெரியப்பா அனுப்புகிறார், சித்தி அனுப்புகிறார், பள்ளித் தோழர் அனுப்புகிறார். உறவு கெட்டுவிடக் கூடாது என்று நம்மில் பலர் மௌனமாக இருந்துவிடுகிறோம். மேடையில் வகுப்புவாதத்தை எதிர்த்து ஒரு மணி நேரம் முழங்கும் தோழர், மைத்துனர் அனுப்பிய ஒளிப்பதிவுக்கு ஒரு வரி பதில் எழுதத் தயங்குகிறார். நீண்ட கட்டுரை வேண்டாம். சண்டையும் வேண்டாம். 'இது பிப்ரவரியில் எடுத்தது மாமா. இதோ, சரிபார்த்த செய்தி. நம் தெருவுக்கு வருகிறாரே, அவரிடம் நான் நேற்றும் பழம் வாங்கினேன்' என்று மரியாதையோடு எழுதுங்கள். அனுப்பியவர் மாறாமல் போகலாம். பேசாமல் படித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கு அது போய்ச் சேரும்.

அந்த வரியை எழுதுவதற்கு முன், உண்மையிலேயே அவரிடம் பழம் வாங்கியிருக்க வேண்டும். விலக்கி வைக்கப்பட்ட ஒரு வண்டியின் முன், காலை நேரத்தில், தெருவார் பார்க்க, நான்கு தோழர்கள் பையோடு நின்று பேரம் பேசி வாங்குவதைக் காட்டிலும் தெளிவான அரசியல் விளக்கம் வேறில்லை. ஊர்விலக்கு வாங்க மறுப்பதால் நடக்கிறது. அதை உடைக்கும் வேலையும் வாங்குவதில்தான் தொடங்குகிறது. சங்கமும் சட்டமும் அதன் பின்னே வந்து அதை நிலைநிறுத்தட்டும்.